பத்தாம் வகுப்பில் மட்டையைப் பறிக்கலாமா?

“பரீட்சை நெருங்குகிறது, பந்தாட்டம் எதற்கு?” ஆண்டுதோறும் பள்ளி திறந்ததும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வீடுகளில் எழும் கேள்வி இது. பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மகளின் ஹாக்கி மட்டை அன்றே பரணுக்குப் போய்விடுகிறது.

நான் இப்பள்ளியின் பழைய மாணவி. என் மட்டையும் அவ்வாறு பரண் ஏறியதுதான். “தேர்வு முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்” என்றார் அப்பா. தேர்வு முடிந்தது, மட்டை இறங்கவேயில்லை. இன்று என் மகள் ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள். பள்ளி அணியிலும் ஆடுகிறாள். அடுத்த ஜூன் மாதம் அந்தக் கேள்விக்கு நானே விடை கூறியாக வேண்டும். ஆகவே என் எண்ணத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

வளைகோல் பந்தாட்டம் என்று தமிழில் வழங்கும் ஹாக்கி, ஓர் ஏணி போன்றது. பள்ளி அணி முதற்படி. குறுவட்டப் போட்டி, மாவட்டம், மாநிலம், தேசியப் பள்ளிகள் போட்டி என்பன அடுத்தடுத்த படிகள். 14, 17, 19 வயதிற்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவிக்கு வயது பதினைந்து. அவ்வாண்டு ஆட்டத்தை நிறுத்தினால், 17 வயதுப் பிரிவின் நடுவிலேயே அவள் ஏணியை விட்டு இறங்கியவள் ஆகிறாள்.

மற்றொரு வாயில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி. அங்கே தேர்வுப் போட்டிகள் வழியாக 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்கு மாணவியரைச் சேர்க்கிறார்கள். பத்தாம் வகுப்பு அப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓராண்டு மட்டையைத் தொடாத பெண், பதினொன்றாம் வகுப்புத் தேர்வில் எப்படி ஓடுவாள்?

தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டியைப் பாருங்கள். அங்கே பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பெருநகரம் அன்று அவ்வூர். ஆனால் மைதானமும் விடுதியும் இடைவிடாத பயிற்சியும் அங்கே இருந்தன.

கல்லூரி வாயிலுக்கு வருவோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தரும் கல்லூரிகள் சான்றிதழையும் பார்க்கின்றன, மைதானத்தில் ஆடவைத்தும் பார்க்கின்றன. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் உண்டு. கல்லூரி அணியில் ஒளிர்பவள் பல்கலைக்கழக அணிக்குப் போகிறாள். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் நாட்டுக்காகவோ, மாநிலத்துக்காகவோ, பல்கலைக்கழகத்துக்காகவோ, தேசியப் பள்ளிகள் போட்டியில் மாநில அணிக்காகவோ ஆடியதற்கான சான்றிதழ்தான் செல்லும். மாவட்ட அளவில் நின்றுவிட்டவளுக்கு அக்கதவு திறப்பதில்லை.

அமெரிக்காவில் இந்த ஆட்டம் கல்லூரிகளில் பெரும்பாலும் பெண்களின் ஆட்டமாகவே விளங்குகிறது. கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்று 1972இல் அங்கே சட்டம் பிறந்தது. கல்லூரிப் பயிற்சியாளர்களே இளம் ஆட்டக்காரிகளைத் தேடி மைதானங்களுக்கு வருகிறார்கள். உதவித்தொகை தந்து அழைத்துக்கொள்கிறார்கள். இங்கோ சான்றிதழைக் கையில் ஏந்தி நாம்தான் போக வேண்டும். அதனால்தான் இடையில் விழும் ஓராண்டு நமக்குப் பேரிழப்பாகிறது.

பெற்றோரின் அச்சம் வீணென்று நான் கூறமாட்டேன். அந்த 500 இடங்களும் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத்தான்; போட்டி கடுமை. ஆடும் பெண்கள் எல்லோரும் இந்திய அணிக்குப் போவதுமில்லை. இருட்டிய பின் மின்சார ரயிலில் மகள் திரும்புவதை எண்ணினால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். 2025 ஜனவரியில் ராஞ்சியில் முதன்முறையாக நடந்த மகளிர் ஹாக்கி இந்தியா லீகில் ஆடிய நான்கு அணிகளுள் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை. ஆடவர் லீகில் மட்டும் நம் மாநிலத்துக்கு ஓர் அணி இருந்தது. இவையெல்லாம் உண்மையே.

ஆயினும் அரியானாவின் ஷாஹாபாத்தில் வண்டி இழுத்துப் பிழைத்த ஒருவரின் மகள் ராணி ராம்பால், 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆடியபோது அவருக்கு வயது பதினைந்துதான். நாம் மட்டையைப் பரணில் ஏற்றும் அதே வயது! அவர் தலைமையில்தான் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் மகளிர் அணி நான்காம் இடம் பெற்றது.

ஆகவே மூவரிடம் மூன்று வேண்டுகோள்கள். பெற்றோரே, பத்தாம் வகுப்பில் பயிற்சியைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். காலையில் ஒரு மணி நேரம் ஓடியவள் மாலையில் சோர்வின்றிப் படிப்பாள். அருட்சகோதரியரே, முதல் மணி அடிப்பதற்கு முன் மைதானத்தைத் திறந்து வையுங்கள். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கிலிருந்தே பெரிய ஆட்டங்கள் செயற்கைத் தரையில் நடக்கின்றன. நம் பிள்ளைகளோ மண் தரையில் பழகுகிறார்கள். மாதம் ஒருமுறையேனும் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆட வழி செய்யுங்கள். மாணவியரே, பெற்ற சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரமாகக் கோப்பில் சேர்த்து வையுங்கள். படிப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தையும், ஆட்டத்தைக் காரணம் காட்டிப் படிப்பையும் ஏமாற்றாதீர்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். பதினைந்தில் கைவிட்ட வளைகோல் பதினெட்டில் கைக்கு வராது என்பதை நான் பட்டே அறிந்தேன். வருகிற ஜூன் மாதம் என் மகளின் மட்டை பரண் ஏறாது. உங்கள் வீட்டிலும் ஏறாதிருக்கட்டும்!

— ஒரு பழைய மாணவி