எத்தனை ஏ?

எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாள் நம் வீடுகளில் ஒரே கேள்விதான்: "எத்தனை ஏ?" மாமா கேட்பார், கோயில் தலைவர் கேட்பார், மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் கேட்பார். ஒன்பது, பத்து என்று பதில் வந்தால் மண்டபத்தில் பொன்னாடை, பேனர், நாளிதழில் படம். அதோடு சரி. அடுத்த நான்கைந்து வருஷம் அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. ஏக்களை எண்ணத் தெரிந்த சமூகம் நாம். பல்கலைக்கழகம் ஏக்களை நிறுத்துப் பார்க்கிறது. அந்தத் தராசு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித் தராமலே பிள்ளைகளை அனுப்பி வைக்கிறோம்.

பங்சாரில் எங்கள் ஃபிளாட்டின் கீழ் மாடியில் ஒரு பெண். பொறியியல் படிக்கிறாள், அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். முதல் செமஸ்டர் முடிவை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். "அங்கிள், கணக்கைத் தப்பா போட்டுட்டாங்க போல. அப்பீல் பண்ணலாமா?" ஐந்து பாடங்கள். மூன்றில் ஏ, இரண்டில் சி. ஏ-க்கு 4.00, சி-க்கு 2.00. ஐந்தையும் கூட்டினால் 16, ஐந்தால் வகுத்தால் 3.20. தாளில் 2.77 என்று இருந்தது.

கணக்குத் தப்பில்லை. அவளுக்கு ஏ வந்தவை ஆங்கிலம் 2 கிரெடிட், பொதுப்பாடம் ஒன்று 2 கிரெடிட், புறப்பாடம் 1 கிரெடிட். சி வந்தவை கணிதமும் இயற்பியலும், ஒவ்வொன்றும் 4 கிரெடிட். புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 8, 8, 4, 8, 8. மொத்தம் 36. வகுக்க வேண்டியது பாடங்களின் எண்ணிக்கையால் இல்லை, மொத்தக் கிரெடிட்டான 13-ஆல். 2.77. அவள் அம்மா பின்னால் நின்றுகொண்டு, "மூணு ஏ இருக்கே சார், அப்புறம் எப்படி?" என்றார். புறப்பாடத்துக்காக அவள் எத்தனை சனிக்கிழமை ஓடினாள் என்று எனக்கும் தெரியும். அந்த ஏ கணிதத்தில் கால் பங்குகூட எடை இல்லாத ஏ என்று ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ, வகுப்பு தொடங்கும்போதே, யாராவது சொல்லியிருக்கலாம். கிரெடிட் என்பது பாட அட்டவணையிலேயே அச்சாகி இருக்கிறது.

இல்லை, தவறாகச் சொல்லிவிட்டேன். சரியாகக் கால் பங்கு. பார்த்தீர்களா, எனக்கே கோபத்தில் கணக்குப் பிசகுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கு நம் தாத்தா பாட்டிக்குத் தெரியும். பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இருவரின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்ததுதான். தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் வாளி நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். மெட்ரோலாக் கருவியைப் பாலுக்குள் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மழைக்காலத்துத் தண்ணிப்பால் இரண்டு வாளி இருந்தாலும் கணக்கில் குறைவாகத்தான் ஏறும். கிராணி எழுதுவதை எட்டிப் பார்த்துச் சண்டை போட்ட கிழவிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று கிரெடிட் என்றால் என்ன என்று தெரியாமல் முடிவுத்தாளைப் பார்த்து விழிக்கிறார்கள்.

நாம் சண்டை போடாமல் இல்லை. இடத்துக்காகப் போடுகிறோம், போடவும் வேண்டும். 2012-இல் இந்திய மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனில் 1,500 இடம், 2018-இல் 2,200 இடம், 2024-இல் பத்து ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்ற அறிவிப்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அறிக்கை, மகஜர், பத்திரிகையாளர் சந்திப்பு இருந்தன. ஆனால் கதவைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொள்கிறோம். உள்ளே போன பிள்ளைக்கு எஸ்.டி.பி.எம். ஆனாலும் மெட்ரிகுலேஷன் ஆனாலும் யூ.பி.யூ. மெரிட் கணக்கு ஒன்றுதான்: பி.என்.ஜி.கே.-யை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும், மிச்சம் 10 புறப்பாட நடவடிக்கைக்கு. பி.என்.ஜி.கே.-யில் 0.10 குறைந்தால் மெரிட்டில் 2.25 போகும். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் வரிசையில் நிற்கும் இடத்தில் 2.25 என்பது பெரிய பள்ளம். இதை எத்தனை பெற்றோர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம்?

பெற்றோரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. எஸ்.பி.எம். தேசியச் சராசரி 4.60-இலிருந்து 4.49-க்கு வந்தபோது அமைச்சு அதை முன்னேற்றம் என்றது, அது சரியும்கூட. அங்கே எண் குறைந்தால் நல்லது. எஸ்.டி.பி.எம்.-இல் எண் கூடினால் நல்லது. இந்தியாவுக்குப் படிக்கப் போனால் பத்துக்கு எவ்வளவு என்பார்கள். ஒரு பிள்ளை மூன்று அளவுகோலைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

ஆனால் காலம் பற்றி நாம் சொல்லாததற்குச் சாக்கே கிடையாது. கீழ் வீட்டுப் பெண்ணுக்கு 13 கிரெடிட்டில் 2.77. அடுத்த செமஸ்டர் 15 கிரெடிட்டில் 3.25 எடுத்தாலே மொத்தச் சராசரி 3.00-ஐத் தாண்டிவிடும். இதே பிள்ளை யாரிடமும் கேட்காமல் இரண்டு வருஷம் ஓட்டி, 60 கிரெடிட்டில் 2.60 என்று நின்றால்? பாக்கி 60 கிரெடிட் முழுக்க 3.40 எடுத்தால்தான் 3.00. கிரெடிட் சேரச் சேரச் சராசரி கல்லாக இறுகும். ஒரு பாடத்தில் எஃப் வாங்கினால் மேலே சைபர் ஏறும், கீழே அதன் கிரெடிட் அப்படியே உட்கார்ந்திருக்கும். திரும்ப எழுதினால் பழைய புள்ளி அழியுமா, இரண்டும் சேருமா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தெலாவி பக்கத்து மாடி வீடுகளில் அப்பாவோ அக்காவோ முதல் வாரமே சொல்லிவிடுவார்கள், "அந்தப் பாடத்தை இப்போ எடுக்காதே, இன்னும் ரெண்டு வாரத்துக்குள்ள டிராப் பண்ணிடு" என்று. ஃபிளாட்டில் சொல்ல யார் இருக்கிறார்?

நம் இலக்கியக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். எண்ணா முக்கியம், அறிவல்லவா முக்கியம் என்பார்கள். எனக்கும் அந்த வசனம் பிடிக்கும். ஆனால் செமஸ்டர் சராசரி 2.00-க்குக் கீழே விழுந்தால் பி.டி.பி.டி.என். கடன் நின்றுபோகும் வீட்டில் போய் அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

போன வருஷம் ஒரு சங்கத்தின் பரிசளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சு வேண்டாம், வெள்ளைப் பலகை ஒன்று கொடுங்கள், அரைமணி நேரம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். "பலகை இல்லண்ணே, புரொஜெக்டர்ல எம்.பி. வீடியோ ஓடும்" என்றார் செயலாளர். கடைசியில் மண்டப வாசலில், சாப்பாட்டு வரிசையில் நின்ற நாலு பிள்ளைகளுக்கு விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். ஒருவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அங்கிள், இத எங்க அக்காவுக்குக் காட்டணும். அவ ரெண்டாவது வருஷம்" என்றான்.