'ங்க' என்னும் விகுதி

கோவைக்காரன் மரியாதை தெரிந்தவன், தேனிக்காரன் முரடன் என்பது நம் எழுத்தாளர்களிடையே ஒரு வாய்பாடாகிவிட்டது. 1996இல் மதுரையிலிருந்து மாவட்டத்தைப் பிரித்தபோது குணத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டதாக நினைப்பு. சான்று? அங்கே சொல்லுக்குச் சொல் 'ங்க'. இங்கே முன்பின் தெரியாதவனிடமும் 'என்னாப்பா'. விகுதியைப் பண்பாடாக எடுத்துக்கொள்ளும் சோம்பல் இது. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்குப் பேச்சில்தான் நடக்கிறது. நிலப் பங்குக்காக அதில் ஒரு கொலையும் விழுகிறது. இரட்டைக் குவளை கொங்கிலும் இருந்தது, மதுரைப் பக்கமும் இருந்தது. 'ங்க' யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்பதுதான் விமர்சனம்.

கம்பத்தில் வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து நான் தினமும் கேட்பது இது. புதிதாக வந்தவனிடம் முதல் கேள்வி, 'எந்த ஊரு?' அடுத்தது, 'எந்தத் தெரு?' பதில் வரும்வரை வினைமுற்று காத்திருக்கிறது. ஏலத்தோட்ட முதலாளி என்றால் 'வாங்க'. குமுளி மலைக்கு ஜீப்பில் கூலிக்குப் போய்வரும் கிழவி என்றால், பேரன் வயதுக்காரனும் 'தள்ளி நில்லு' என்பான்.

ஆக, இங்கே அந்நியனுக்கு அவமரியாதை இல்லை. அந்நியனாக இருக்கும்வரை அவன் பத்திரம். இன்னார் என்று தெரிந்த பிறகே முரட்டுத்தனம் ஆரம்பிக்கிறது. கோவையில் இது வேறு மாதிரி என்று யாராவது நிரூபிக்கட்டும். வட்டார வழக்கு எழுதுகிறவர்கள் ஓசையைப் பிடித்தால் போதாது. யார் யாரை 'நீ' என்கிறார்கள் என்பதை எழுதட்டும். ஊர்களுக்கு நற்சான்றிதழ் அப்புறம் வழங்கலாம்.