மூன்றில் எது மேல்?

 

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில், எனக்குத் தமக்கை முறையாகும் ஓர் அம்மையாரின் இல்லத்திற்கு ஒரு ரமளான் மாதத்தில் சென்றிருந்தேன். நோன்பு திறந்து, மஃரிபும் தொழுது முடித்த பின்னர், அவர் என்னைத் தனியே அழைத்தார். மார்பில் ஒரு கட்டி தென்படுவதாகவும், முஹர்ரம் மாதத்திலேயே அதனை உணர்ந்துவிட்டதாகவும் தாழ்ந்த குரலில் கூறினார். கணக்கிட்டுப் பார்த்தேன், எட்டு மாதங்கள்!

“ஏன் அக்கா யாரிடமும் சொல்லவில்லை?” என்றேன்.

“வலி ஒன்றும் இல்லையே, தம்பி. ஷவ்வாலில் பெண்ணுக்கு நிக்காஹ். அதை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்” என்றார்.

வலி இல்லை என்பதே அவரை ஏமாற்றியிருக்கிறது. மார்பகப் புற்று பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலித்திருந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் சென்றிருப்பார் அல்லவா?

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்தாள். “மாமா, கத்தி வைத்தால் உடம்பெங்கும் பரவிவிடுமாம். கரண்ட் வைத்தால் உடம்பு கருகிவிடுமாம். ஊசி போட்டால் முடியெல்லாம் கொட்டிவிடுமாம். இந்த மூன்றில் எது மேல்?” என்று கண்ணீருடன் கேட்டாள்.

அந்தப் பெண் கேட்ட கேள்வி இன்று எத்தனையோ இல்லங்களில் கேட்கப்படும் கேள்வியாகும். நான் மருத்துவன் அல்லன். ஆயினும், அந்த அம்மையாருடன் சிகிச்சைக்குச் சென்று வந்த நாட்களில் மருத்துவர்கள் விளக்கியவற்றை உங்களுக்கும் எடுத்துரைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று கடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது போன்றதன்று இச்சிகிச்சை. கொத்தனார், தச்சர், வண்ணம் பூசுபவர் ஆகிய மூவருள் யார் மேல் என்று வீடு கட்டுபவர் கேட்பாரா? ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு; ஒரு வேளையும் உண்டு. எது முதலில், எது பின்னர், எது தேவையே இல்லை என்பதை நோயின் வகையும் அது பரவியுள்ள அளவுமே முடிவு செய்கின்றன.

அவ்வளவை அறிவதற்குத்தான் திசுப் பரிசோதனை. கட்டியிலிருந்து சிறு துணுக்கை ஊசியால் எடுத்து, நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர். ‘கட்டியைக் குத்தினால் புற்று பரவிவிடும்’ என்ற அச்சம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. முறைப்படி செய்யப்படும் பரிசோதனையால் நோய் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடும் நாட்களில்தான் அது பரவுகிறது. ஸ்கேன் முதலிய பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, நோய் 4 நிலைகளுள் எதில் உள்ளது என்று வகுக்கின்றனர்.

நம் அம்மையாருக்கு நோய் மார்பகத்தைக் கடந்து அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எட்டியிருந்தது. கட்டியும் பெரிதாகியிருந்தது. ஆகவே, முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்வதென முடிவாயிற்று.

அம்மருந்து முறையே ‘கீமோதெரபி’ எனப்படுகிறது. விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிக்கும் மருந்து, இரத்தக் குழாய் வழியே செலுத்தப்பட்டு உடலெங்கும் சென்று வேலை செய்கிறது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல தவணைகளில் கொடுப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. முடியின் வேரணுக்களும் விரைந்து வளர்பவை. ஆதலின் பல மருந்துகளால் முடி உதிர்கிறது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் அது மீண்டும் முளைத்துவிடும். முடியைவிடக் கவனிக்க வேண்டியது காய்ச்சலை. இம்மருந்துகள் இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடுவதால், 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலும், கைமருந்து கொடுத்துக் காத்திராமல், இரவாயினும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

அடுத்தது அறுவை. ஓரிடத்தில் திரண்டு நிற்கும் பல வகைக் கட்டிகளுக்கு இதுவே முதன்மையான சிகிச்சை. தொடக்க நிலையிலேயே வருபவர்களுள் பலருக்கு மார்பகம் முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துவிட இன்று இயலும். நம் அம்மையாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த எட்டு மாதங்களுக்கு அவர் கொடுத்த விலை அது.

மூன்றாவது, நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று கூறும் கதிர்வீச்சு. உண்மையில் இது மின்சாரமன்று. ஆற்றல் மிக்க கதிர்களைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் செலுத்தி, அங்கு எஞ்சியுள்ள புற்றணுக்களை அழிப்பது. வாரத்திற்கு 5 நாட்கள் என்ற கணக்கில் சில வாரங்கள் தொடரும். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே. அவ்வேளையில் வலி தெரியாது. தோல் சிவக்கலாம், கருக்கலாம், களைப்பு உண்டாகும். வெளியிலிருந்து கதிர் செலுத்தப்பட்டவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. ஆதலின் பேரக் குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு எந்தத் தடையும் இல்லை. கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்ப் பொருளை உள்ளேயே வைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையும் உண்டு.

இம்மூன்றுடன் மருத்துவம் நின்றுவிடவில்லை. ஹார்மோனால் தூண்டப்படும் மார்பகப் புற்றுக்கு ‘டமாக்சிபென்’ போன்ற மாத்திரைகளை 5 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ உண்ண வேண்டியிருக்கும். ஒருவகை இரத்தப் புற்றுக்கு 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ‘இமாடினிப்’ என்னும் மாத்திரை, அந்நோயாளிகளின் வாழ்வையே மாற்றியமைத்தது. உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றுக்கு எதிராக ஏவும் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவை எல்லாருக்கும் பொருந்துவன அல்ல. பரிசோதனை காட்டும் வகையினருக்கு மட்டுமே உரியவை. நோய் முற்றியவர்க்கும் வலி தணிக்கும் சிகிச்சை உண்டு. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று எவரையும் வலியில் துடிக்க விட்டுவிட வேண்டியதில்லை.

“இவற்றிற்கெல்லாம் நாம் எங்கே போவது?” என்று கேட்பீர்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அறியாதார் இலர். 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அயராத உழைப்பால், 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அது. ஏனாத்தூர்வாசிகளுக்கோ அவ்வளவு தொலைவும் செல்ல வேண்டியதில்லை. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா, 1968-இல் அமெரிக்கா சென்று அறுவை செய்துகொண்டும், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் இந்நோய்க்கே இரையானார். அவருடைய நினைவைத் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் இயங்கி வருகிறது. நம் அம்மையாருக்குச் சிகிச்சை நடந்ததும் அங்கேதான். வருமான வரம்பிற்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு சென்று விசாரியுங்கள்.

சகோதரிகளே! கூச்சம் காரணமாக நோயை மறைக்காதீர்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. அவர் கிடைக்காதபோது, அவசியத்தின் பொருட்டு ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கும் மார்க்கத்தில் அனுமதி உண்டு. நோன்பு நோற்க இயலாத நோயாளிக்கும் இறைவன் சலுகை தந்திருக்கிறான். மருந்து வேளையைத் தள்ளிப்போட்டு நோன்பு வைப்பதற்கு முன், மருத்துவரையும் ஆலிமையும் கலந்துகொள்ளுங்கள்.

சகோதரர்களே! ‘எல்லாம் நசீப்’ என்று கூறி மனைவியையோ தாயையோ வீட்டில் இருத்திவிடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்? ஆறாத வாய்ப்புண், விழுங்குவதில் தடை, மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு, புதிதாய்த் தோன்றிய கட்டி ஆகிய இவற்றுள் எது இருப்பினும் உடனே காட்டுங்கள். ஜமாஅத்தார் ஜகாத்தைப் பங்கிடும்போது, சிகிச்சைக்காக நாள்தோறும் பேருந்து ஏறும் ஏழை நோயாளியையும் நினைவில் கொள்ளட்டும்.

ஏனாத்தூர்ப் பெண்ணின் நிக்காஹ், தாயின் இரண்டாம் தவணை மருந்துக்கும் மூன்றாம் தவணைக்கும் இடையே எளிமையாக நடந்தேறியது. முடியிழந்த தலையில் முக்காடிட்டு, அந்த அம்மையார் மணமகளின் அருகிலேயே அமர்ந்திருந்தார். விருந்து முடிந்ததும் என்னிடம் வந்து, “தம்பி, முஹர்ரத்திலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம்” என்றார். இன்று அவர் மாத்திரையுடன் நடமாடுகிறார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் சென்று வருகிறார். முடிவை அல்லாஹ்வே அறிவான்.

இதனைப் படித்து முடித்ததும், உங்கள் இல்லத்துப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: “உடம்பில் ஏதேனும் மறைத்து வைத்திருக்கிறாயா?” நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.