குழாய்க்குள் ஓடுவது என்ன?



சென்ற வாரம் ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்பு என்னிடம் ஓதிய ஒருவர் தம் மகனுடன் வந்து ஸலாம் உரைத்தார். கத்தார் நாட்டின் ராஸ் லஃபானில் 'பேர்ல்' ஆலை எழுந்த காலத்தில் அங்கே குழாய் பொருத்தும் பணி செய்தவர். "வாப்பா, அந்தக் குழாய்க்குள் என்ன ஓடும்?" என்று மகன் கேட்டானாம். "கேஸ் என்பார்கள், மெழுகு என்பார்கள்; மற்றது எனக்குத் தெரியாது ஹஜ்ரத்" என்று கூறித் தலைகுனிந்தார்.

எனக்கும் தெரியவில்லை. தேடிப் படித்து விளங்கிக் கொண்டதை இங்கே தருகிறேன்.

கடலடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவை ஆக்ஸிஜனுடன் சேர்த்து, முதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக மாற்றுகிறார்கள். அதனைக் கோபால்ட் உலோகத்தின் மீது செலுத்தினால், கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. அதுவே மெழுகு. இவ்வழியை 1925 ஆம் ஆண்டு ஜெர்மனியில் கண்டறிந்தோர் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்னும் இரு அறிஞர்கள்.

மெழுகை உருக்கினால் மட்டும் எண்ணெய் ஆகிவிடாது. ஆறினால் மீண்டும் உறைந்துவிடும். ஆகவே அதனைச் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் சேர்த்து, பிளாட்டினம் போன்ற உலோகம் பதித்த நுண்துளைத் திடப்பொருளின் மீது செலுத்துகிறார்கள். சங்கிலி அறுபட்டுக் குறுகினால் டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்கும். அறுபடாமல் கிளைவிட்டால் மசகு எண்ணெய் கிடைக்கும். நேரான குச்சிகள் விறகுக்கட்டில் நெருங்கி அடங்கும். கிளைத்த முட்குச்சிகள் அடங்குவதில்லை அல்லவா? அதுபோலக் கிளைத்த சங்கிலிகள் நெருங்கி அடுங்க இயலாமையால், குளிரிலும் உறையாமல் ஓடுகின்றன.

கத்தார் அரசின் பெட்ரோலிய நிறுவனமும் ஷெல் நிறுவனமும் அமைத்த அவ்வாலையிலிருந்து 2011 ஆம் ஆண்டு முதற்சரக்கு கப்பலேறியது. நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் எண்ணெய்ப் பொருள்கள் தருமாறு அது வடிவமைக்கப்பட்டது.

இம்மாற்றங்களை நிகழ்த்தும் உலோகங்களுக்கு வினையூக்கி என்று பெயர். அது வினையை விரைவுபடுத்தும். தான் அதில் செலவாகிவிடாது. ஆயினும் வாயுவில் கந்தகம் சிறிதளவு கலந்திருந்தாலும் கோபால்ட் தன் ஆற்றலை இழந்துவிடும். அதனால் கந்தகத்தை அகற்றிய பின்னரே வாயுவை உள்ளே விடுகிறார்கள். கல்வி புகட்டும் என் போன்றோருக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உள்ளத்தில் முகஸ்துதி அணுவளவு புகுந்தாலும் நம் போதனை பயனற்றுப் போகும்.

சகோதரர்களே! நம் பிள்ளைகள் வளைகுடாவில் வெயிலில் நின்று குழாய்களைப் பொருத்தினார்கள். அந்த உழைப்பு ஹலாலானது, கண்ணியமானது. அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் குழாய்க்குள் ஓடுவதை அறிந்தவர் வேறொருவராகவே எந்நாளும் இருக்கவேண்டுமா? பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரியாவிட்டால் அவனுடன் அமர்ந்து நீங்களும் படியுங்கள். அந்தத் தந்தையிடமும் இதையே சொன்னேன்.

பயனுள்ள கல்வியை நம் சந்ததியினருக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.