பொதுத்தேர்வு வகுப்புகளின் பி.டி. பீரியட்: எங்கள் நிலைப்பாடு

வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு கட்டங்களில் 'உடற்கல்வி' என்று எழுதியிருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகும் எழுத்து அப்படியேதான் இருக்கும். பிள்ளைகள்தான் கிரவுண்டில் இருக்க மாட்டார்கள். "சார், இந்த ஒரு பீரியட் மட்டும் கொடுங்க, முக்கோணவியல் பாக்கி இருக்கு" என்பார் கணக்கு ஆசிரியர். பி.டி. சாரும் தலையாட்டுவார். அப்படி வாங்கிய கடன் திரும்பி வந்ததாக எங்களில் யாருக்கும் நினைவில்லை.

பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர்கள், மனநல ஆலோசகர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு சொல்வது இதுதான்: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் உடற்கல்வி நேரத்தைத் தேர்வு தொடங்கும் நாள் வரை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது. உடம்பைவிட, பிள்ளைகளின் மனதை நினைத்தே இதைக் கேட்கிறோம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமந்தால் குழுவினர், மனச்சோர்வுக்கு ஆளான 156 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் வெளியான முடிவின்படி மாத்திரைதான் சீக்கிரம் பலன் காட்டியது; ஆனால் 16 வாரம் கழித்து மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். நார்வேயில் சுமார் 34,000 பேரை 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு இன்னும் நேராகவே நம் விஷயத்துக்கு வருகிறது. எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடலை அசைத்திருந்தால், புதிதாக வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று அது கணக்கிட்டது. மூச்சிரைக்க ஓட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு மணி நேரம் என்பது நம் பள்ளிகளின் இரண்டு பீரியடைவிடக் குறைவு.

இரண்டும் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகள் என்பதை மறைக்கவில்லை. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கோ உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இன்னும் அதிகம்: நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். விடியற்காலை டியூஷன், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி ரிவிஷன் என்று ஓடும் பிள்ளைக்கு அந்த நிமிடங்கள் வேறெங்கே கிடைக்கும்? நன்றாக விளையாடிய அன்று படுத்ததும் தூக்கம் வருகிறது. தூக்கம் சரியானால் எரிச்சல் பாதி குறைகிறது. ஜனவரி மாதத்துப் பன்னிரண்டாம் வகுப்பை ஒரு தடவை எறிபந்து ஆட விட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சும்மா நிற்பார்கள். பிறகு பாயின்ட்டுக்குச் சண்டை போடுவார்கள். திரும்பி வரும்போது வராண்டாவில் கேட்கும் சத்தமே வேறாக இருக்கும்.

பீரியடைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. வீட்டுப்பாடம் எழுதாதவனை "கிரவுண்டைப் பத்து ரவுண்டு சுத்து" என்று விரட்டும் வழக்கத்தையும் எதிர்க்கிறோம். தண்டனையாக ஓடியவனுக்கு ஓட்டமே கசந்துவிடும். பையன்கள் கிரிக்கெட் ஆட, பெண் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருப்பதையும் உடற்கல்வி என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

விளையாட்டு எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்லவில்லை. வாரக்கணக்கில் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளையிடம் "எழுந்து நாலு ரவுண்டு ஓடு, சரியாயிடும்" என்பது கொடுமை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். டாக்டர் எழுதிய மாத்திரையை, விளையாடுகிறானே என்று யாரும் நிறுத்தக் கூடாது.

பழியை ஆசிரியர்கள்மேல் மட்டும் போடவும் எங்களுக்கு மனம் வரவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி கேட்டு அவர்களை நெருக்குவது யார்? "பப்ளிக் வருஷத்துல என்ன விளையாட்டு?" என்று பள்ளிக்கு வந்து கேட்ட பெற்றோரில் எங்கள் உறுப்பினர்களும் உண்டு. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று, விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையில் கேட்டுக்கொண்டதற்குக் கைதட்டியவர்களும் நாங்கள்தான்.

ஆகவே தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். தவிர்க்கவே முடியாமல் ஒரு பீரியட் கைமாறினால், யார் வாங்கினார், எந்த நாளில் திருப்பித் தருவார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதே வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் எங்கள் உறுப்பினர்கள் மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.