அடிக்கு என்ன விலை என்று கேட்டால் போதுமா?

மளிகைக்காரரும் மண்டிக்காரரும் படிக்கும் இதழில் டிராக்டர் ஹோஸைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். சீயமங்கலம், தேசூர் தொடங்கிச் செஞ்சி வரையில் நமது ஊர்களில் கடையையும் காட்டையும் ஒரே குடும்பம்தான் பார்த்துக் கொள்கிறது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லை ஏற்றிப் போகும் டிராக்டர் நம்மில் ஒருவருடையது. அதற்கு நட்டும் போல்ட்டும் விற்பவர் நம்மில் இன்னொருவர். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வண்டி வாங்கியவர்கள் அடுத்து நினைப்பது முன்பக்க லோடர். எருவை அள்ளலாம், ஜல்லியைத் தள்ளலாம், மழைக்கு முன் வரப்பைச் சீர் செய்யலாம். கூலியாள் கிடைக்காத காலத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. லோடருக்கு உயிர் கொடுக்கும் ஹைட்ராலிக் ஹோஸைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை விற்பது போல அடிக்கணக்கில் விற்கிறோமே, அதைத்தான் நாம் குறை சொல்கிறோம்.

நடப்பது இதுதான். வெடித்த ஹோஸ் ஒன்றைத் தோளில் போட்டுக் கொண்டு ஒருவர் வருகிறார். "இதே மாதிரி ஒண்ணு கொடுங்க அண்ணாச்சி" என்கிறார். கடைக்காரர் தடிமனைக் கண்ணால் பார்த்து, சுருளிலிருந்து வெட்டி, இரு முனையிலும் நிப்பிளை அழுத்திக் கொடுக்கிறார். எந்த வண்டி, எவ்வளவு அழுத்தம், ஹோஸ் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கிடையாது. பழைய ஹோஸ் தவறான ரகமாக இருந்து, அதனாலேயே வெடித்திருந்தால், அதே தவறை நாம் மறுபடியும் காசுக்கு விற்கிறோம்.

கணக்கு பெரிய வித்தையல்ல. லோடரின் ரிலீப் வால்வு 180 பாருக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,600 பவுண்டு. லாரி டயரில் அடைக்கும் காற்றைப் போல இருபது மடங்குக்கும் மேல். அரை அங்குல உள்விட்டமுள்ள ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸ், அதாவது 1 எஸ்.என். ரகம், 160 பாருக்குத்தான் தகுதி. இரட்டைப் பின்னலான 2 எஸ்.என். ரகம் 275 பார் தாங்கும். வெளியே இரண்டும் கறுப்பு ரப்பர்தான்; வெட்டிய முனையில் கம்பி எத்தனை அடுக்கு என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வெடிக்கும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு என்று தரம் சொல்வதைக் கேட்டு, "அப்படியானால் ஒற்றையே தாங்குமே" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த நான்கு மடங்கு அதிர்ச்சிக்காகவும் தேய்மானத்துக்காகவும் விட்ட இடம். வாளி நிறைய மண்ணோடு வண்டி பள்ளத்தில் குதிக்கும்போது சிலிண்டரிலும் அதன் ஹோஸிலும் எழும் அழுத்தம் சில சமயம் ரிலீப் வால்வுக்கு எட்டுவதே இல்லை. லீவர் நடுநிலையில் இருந்தால் எண்ணெய் அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறது. லோடருக்கு இரட்டைப் பின்னலுக்குக் குறைந்து விற்பதில்லை என்று நமது கடைகள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது நமது கருத்து.

அடுத்தது உள்விட்டம். விலை குறைகிறதே என்று மெல்லிய ஹோஸைப் போடுவதில் லாபம் இல்லை. பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளினால், அரை அங்குல ஹோஸில் எண்ணெய் விநாடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். கால் அங்குலத்தில் அதுவே 21 மீட்டர். அழுத்த வழியில் 6 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக் கொள்வது வழக்கம். தாண்டினால் எண்ணெய் சூடேறும், லோடர் சோம்பும், டீசல் வீணாகும். டேங்குக்குத் திரும்பும் வழி இன்னும் அகலமாக, முக்கால் அங்குலம் இருந்தால் நல்லது. பம்ப் எண்ணெயை உறிஞ்சும் பக்கத்துக்குச் சாதாரண ஹோஸ் உதவாது. உள்ளே சுருள் கம்பி வைத்த ரகம் தனியே உண்டு. இல்லாவிட்டால் வெற்றிடத்தில் அது சப்பிப் போகும்.

இந்தச் சரக்குக்கும் வயது உண்டு என்பதை மளிகைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பருப்பு மூட்டையில் பழையதை முன்னே தள்ளி விற்கும் பழக்கம் நமது கையில் ஊறியது. ஹோஸின் மேல் கம்பெனிப் பெயர், ரகம், உள்விட்டம், தயாரித்த காலாண்டும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். சுருளை நான்கு ஆண்டுக்குள் வெட்டிப் பொருத்திவிட வேண்டும்; பொருத்திய ஹோஸை இரண்டு ஆண்டுக்கு மேல் கடையில் வைக்கக் கூடாது; கடையில் கிடந்த காலத்தையும் சேர்த்து மொத்த ஆயுள் ஆறு ஆண்டு என்று ஜெர்மானியத் தர விதி வகுத்திருக்கிறது. நமது வாசலில் பங்குனி வெயிலில் தொங்கும் சுருளுக்கு அவ்வளவு ஆயுளும் இருக்காது. வெயிலும், வெல்டிங் பொறியிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் வரும் ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும். சரக்கைக் கடைக்குள் நிழலில் வைப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

பொருத்துவதில்தான் பாதிச் சரக்கு பாழாகிறது. ஹோஸின் மேல் ஓடும் அச்சு வரி நேராக இருக்க வேண்டும். முறுக்கிக் கொண்டு போனால் கம்பிப் பின்னல் சமமாகப் பாரம் தாங்காது. நட்டை இறுக்கும்போது ஒரு ஸ்பானரால் நிப்பிளைப் பிடித்துக் கொண்டு மற்றொன்றால் திருப்பினால் முறுக்கு ஏறாது. அரை அங்குல ஹோஸை 18 சென்டிமீட்டர் ஆரத்துக்குள் மடக்கக் கூடாது. இடம் குறுகலாக இருந்தால் எல்போ போடலாம். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் சற்றே நீளும் அல்லது குறுகும் என்பதால், இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்ச்சி விட வேண்டும். சைலன்ஸருக்கு அருகே போகக் கூடாது. முன் சக்கரம் திரும்பும்போது உரசக் கூடாது. இதைத் தெரிந்து கொள்ள ஒரே வழி, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, லோடரை மேலே தூக்கி, கீழே இறக்கிப் பார்ப்பதுதான். கூம்பு முகப்பு வைத்த இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவது நமது மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். அங்கே அடைப்பது முகப்பே தவிர மரை அல்ல. பிய்ந்த டேப் வால்வுக்குள் போய்ச் சிக்கிக் கொள்ளும். வெட்டுச் சக்கரத்தில் அறுத்த ஹோஸின் உள்ளே ரப்பர்த் தூளும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி, இரு முனையிலும் மூடி போட்டுக் கொடுக்கும் கடையை நாம் மெச்சுகிறோம். அப்படிப்பட்ட கடைகள் குறைவு.

லோடருக்குத் தனி வால்வு வைக்கும்போது மூன்று வழி வேண்டும். பம்பிலிருந்து வருவது ஒன்று, பின்பக்கத் தூக்கிக்குத் தொடர்ந்து போவது ஒன்று, டேங்குக்குத் திரும்புவது ஒன்று. இரண்டோடு நிறுத்திக் கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், வண்டிக்காரர் விலகிக் கொள்வது நலம். வால்வின் உடல் பிளக்க நேரும்.

கை கால் சம்பந்தப்பட்டது இனி. ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது நமது ஊர் வழக்கம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். துளைத்த இடம் முள் குத்தியது போல்தான் தெரியும், முதலில் வலியும் அவ்வளவாக இராது. மஞ்சள் பற்று போட்டு மறுநாள் பார்ப்போம் என்று இருந்தால் விரலையோ கையையோ எடுக்க நேரலாம். உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு, முண்டியம்பாக்கத்திலோ திருவண்ணாமலையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போய், அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இணைப்பைக் கழற்றும் முன் வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். தூக்கிய வாளியின் கீழே யாரும் நிற்கக் கூடாது. அதைத் தாங்கிக் கொண்டிருப்பது நாம் அடிக்கணக்கில் வெட்டிக் கொடுத்த அந்த ரப்பர்தான்.

இதில் கடைக்காரருக்குச் சட்டப் பொறுப்பும் இருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, விற்பவரும் பாதிப்புக்கு ஈடு கட்ட வேண்டிய சந்தர்ப்பங்களைச் சொல்கிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாத சரக்கை விற்றிருந்தால், சேர்த்துப் பொருத்துவதில் கவனம் தவறியிருந்தால், தயாரிப்பாளர் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், பொறுப்பு நம் மேல் விழும். ஹோஸை வெட்டி நிப்பிளை அழுத்துகிற கடை வெறும் கடையல்ல, பாதிப் பட்டறை. வாங்கியவர் தம் பிழைப்புக்காகத் தாமே வண்டி ஓட்டினாலும் சட்டத்தின் முன் நுகர்வோர்தான். அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியமைத்தோ வந்த பாதிப்புக்கு விற்றவர் பொறுப்பல்ல என்றும் சொல்கிறது. ஆனால் நாம் எதைக் கொடுத்தோம் என்பதற்கு எழுத்து வேண்டாமா? "ஹோஸ் 1, ரூபாய் இவ்வளவு" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு இந்தப் பிரிவைத் துணைக்கு அழைப்பது கடினம்.

விலைப் போட்டியில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களின் சங்கடம் நமக்குத் தெரியும். ஒரு கடை இரட்டைப் பின்னல்தான் தருவேன் என்றால், வண்டிக்காரர் பக்கத்துக் கடைக்குப் போவார். அதனால்தான் தனித்தனியே அல்லாமல் சங்கமாக முடிவெடுக்கச் சொல்கிறோம். பழைய நிப்பிளைப் பிடுங்கிப் புது ஹோஸில் மறுபடி அழுத்துவதை எல்லாக் கடையும் ஒரே நாளில் நிறுத்தலாம். பில்லில் ஹோஸின் ரகம், உள்விட்டம், வேலை அழுத்தம், தயாரித்த காலாண்டு, கம்பெனிப் பெயர், பொருத்திய தேதி ஆகியவற்றை எழுத இரண்டு நிமிடம் போதும். அடுத்த செயற்குழுவில் இதற்கான பில் மாதிரியை வைத்து, இரும்புக் கடை அன்பர்களின் ஒப்புதலோடு அச்சடித்து, அடக்க விலைக்கே கடைகளுக்குக் கொடுக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம்.