ரெண்டு அங்குலத்துல ஒரு பாதாளம்

இந்த மாசக் கடைசியில உங்க செக்‌ஷன்ல யாராவது ரிட்டயர் ஆகறாங்களா? அவருக்குப் பரிசா அந்த 'முடிவில்லாக் கண்ணாடி' விளக்கை வாங்கலாம்னு தலைக்கு நூறு ரூபா வசூல் பண்ணிட்டு இருக்கீங்களா? கொஞ்சம் பொறுங்க சாமி. இதைப் படிச்சுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. படிச்ச பிறகும் வாங்கணும்னு தோணினா தாராளமா வாங்குங்க, உங்க காசு.

எந்த விளக்குன்னு தெரியாதவங்களுக்காக: வட்டமாவோ சதுரமாவோ ஒரு சட்டம். கனம் ரெண்டு அங்குலம் இருந்தா அதிகம். அணைச்சு வெச்சா சாதாரணமா முகம் பாக்குற கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஸ்விட்சைப் போட்டா, விளக்கு வரிசை சுவத்தைத் துளைச்சுக்கிட்டு வளையத்துக்குள்ள வளையமா உள்ளே போய்க்கிட்டே இருக்கும். முதல் தடவை பாக்குறவங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் போய் எட்டிப் பாக்காம இருக்க மாட்டாங்க. மெயின் பஜார்ல பாத்தேன், வில்லுடையான்பட்டு பங்குனி உத்திரக் கடையில பாத்தேன், இணையக் கடைகளைப் பத்திக் கேக்கவே வேணாம். ஒரு காலத்துல சுவர்க் கடிகாரம், அப்புறம் குத்துவிளக்கு, அப்புறம் போட்டோ பதிச்ச கேடயம்னு வந்த நம்ம டவுன்ஷிப் ரிட்டயர்மென்ட் பரிசு வரிசையில இப்ப இதுவும் சேந்தாச்சு.

அழகா இருக்கா? இருக்கு. அதை நான் மறுக்கப் போறதில்லை. எனக்குச் சண்டை அதைப் பத்திச் சொல்லப்படுற மூணு பொய்யோட.

முதல் பொய், 'முடிவில்லாதது'.

உள்ளே இருக்கிற சமாச்சாரம் ரொம்ப எளிசு. பின்பக்கம் ஒரு முழுக் கண்ணாடி. முன்பக்கம் பாதி ஒளியைத் திருப்பி அனுப்பி மீதியை வெளியே விடுற அரைக் கண்ணாடி. பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடி மேல ஒட்டின பளபள ஃபிலிம்தான் அது. கார் கண்ணாடியில ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு 2012ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சே, அந்தக் குடும்பத்துச் சரக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஓரத்தைச் சுத்தி எல்.ஈ.டி பட்டை. ஒளி ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல பந்து மாதிரி மாறி மாறி மோதுது. ஒவ்வொரு தடவை மோதும்போதும் கொஞ்சம் வெளியே கசிஞ்சு நம்ம கண்ணுக்கு வருது. ஒரு தடவை மோதிட்டு வந்தது ஒரு வளையம், ரெண்டு தடவை மோதிட்டு வந்தது அடுத்த வளையம். அவ்வளவுதான் மாயம்.

இப்ப கணக்குப் போடுவோம். பின் கண்ணாடி நூத்துக்குத் தொண்ணூறு பங்கைத் திருப்புதுன்னு வெச்சுக்குங்க. முன்னாடி ஃபிலிம் எழுபது பங்கைத் திருப்புது. ஒரு முழுச் சுத்து முடியும்போது மிஞ்சுறது நூத்துக்கு 63. அடுத்த சுத்துல அந்த 63லயும் 63 பங்கு. அஞ்சாவது சுத்துல பத்துல ஒரு பங்கு. பத்தாவது சுத்துல நூத்துல ஒரு பங்கு. நம்ம கண்ணு பலே கில்லாடி, மங்கலான ஒளியையும் தேடிப் பிடிக்கும். அப்படியும் பதினஞ்சு இருபது வளையத்துக்கு மேல எண்ணிக் காட்டுங்க பாப்போம். உத்துப் பாத்தா உள்ளே போகப் போக வளையம் லேசாப் பச்சையா மாறும். சாதாரணக் கண்ணாடியில கலந்திருக்கிற இரும்போட வேலை அது. மத்த நிறத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிட்டுப் பச்சையை மட்டும் அதிகமா விடுது. கல்யாண வீட்டுல எதிரெதிரா ரெண்டு நிலைக்கண்ணாடி இருந்தா இதையே ஓசியில பாக்கலாம்.

ஆக, இது முடிவில்லாதது இல்ல. பதினஞ்சு இருபதுல முடிஞ்சு போறது.

இது சும்மா பேர்தானே, இதுக்கு ஏன்யா இவ்வளவு கோபம்னு கேக்கலாம். வேற ஊர்ல இருந்தா எனக்கும் கோபம் வந்திருக்காது. நெய்வேலியில உக்காந்துக்கிட்டு 'முடிவில்லா'ன்னு சொல்றதுதான் உறுத்துது. நம்ம வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல நிஜப் பள்ளம் இருக்கு. பழுப்பு நிலக்கரி கண்ணுல படணும்னா சுமார் அம்பதுல இருந்து நூறு மீட்டர் வரைக்கும் மண்ணைப் பக்கெட் வீல் வெச்சுச் சுரண்டி எடுக்கணும். அடியில ஊத்துத் தண்ணி கீழேர்ந்து முட்டும், அதை ராப்பகலா பம்ப் வெச்சு இறைச்சுக்கிட்டே இருக்கணும். 1957ல நேரு வந்து வேலையைத் தொடங்கி வெச்சாரு, 1961 ஆகஸ்ட்லதான் நிலக்கரியே கண்ணுல பட்டுது. நாலு வருஷம் வெறும் மண்ணு! அந்தப் பள்ளத்துக்கு ஒரு அடி இருக்கு, ஒரு கரை இருக்கு, கரையில ஊர்கள் இருக்கு. 2023 ஜூலையில மேல்வளையமாதேவியில நெல்லு நின்ன வயல்ல பொக்லைன் இறங்கினதை நாடே பாத்துது. எதுவும் முடிவில்லாதது இல்லைன்னு நமக்குத் தெரிஞ்ச மாதிரி வேற எந்த ஊருக்குத் தெரியும்? 1962ல ஓட ஆரம்பிச்ச முதல் அனல் மின் நிலையம், ஒன்பது யூனிட், 600 மெகாவாட், சோவியத்காரங்க துணையோட கட்டினது. 2020ல அதையே மூடிட்டாங்க. அதுல வேலை பாத்த மனுஷனுக்குப் போய் 'முடிவில்லா விளக்கு' குடுக்கிறோம். குசும்பு தெரியாம பண்றோம்னாலும் குசும்புதான்.

ரெண்டாவது பொய், 'சக்தி பெருகும்'.

இதை ஒரு கடையில நானே காதால கேட்டேன். "ஒரு வெளக்கு நூறு வெளக்காத் தெரியுது பாருங்க சார், வீட்ல பாசிட்டிவ் எனர்ஜி நூறு மடங்கு. வாஸ்துப்படி கிழக்குச் சுவத்துல மாட்டுங்க. நம்ம வடலூர் ஜோதி கூட கண்ணாடிதானே சார்!"

மின்சாரம் தயாரிக்கிற ஊர்ல நின்னுக்கிட்டு இப்படிச் சொல்ல ஒரு தில்லு வேணும். கண்ணாடி ஒளியை உண்டாக்காது. வர்றதைத் திருப்பும், திருப்பும்போது கொஞ்சம் தின்னும். அதே பட்டையைக் கழட்டி வெறுமனே சுவத்துல ஒட்டினா வீட்டுக்கு இதைவிட அதிக வெளிச்சம். போட்டதுக்கு மேல எடுக்க முடியாதுங்கிறது பாய்லர்ல வேலை பாத்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம்ம ஊர்ல சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரியுது. இந்த விளக்கு 6 வாட்னு வெச்சா, தினம் அஞ்சு மணி நேரம் எரிஞ்சா 30 கிராம். வருஷத்துக்குப் பதினோரு கிலோ. பெரிய செலவு இல்லை, அதுக்காக யாரையும் திட்டப் போறதில்லை. ஆனா அந்தப் பதினோரு கிலோதான் அதோட மொத்த சக்தி. பன்னண்டாவது கிலோ வாஸ்துல இருந்து வராது.

வடலூரை இதுல இழுத்ததுதான் எனக்குத் தாங்கலை. நம்ம பக்கத்து ஊரு, பஸ் ஏறினா வந்துடும். வள்ளலார் கட்டின சத்திய ஞான சபை 1872 ஜனவரி 25ல திறந்தது. அங்கயும் விளக்கு இருக்கு, கண்ணாடி இருக்கு, உண்மைதான். அதுக்கு முன்னால ஏழு திரை. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்புன்னு ஏழு நிறம். மாசப் பூசத்துல ஆறு திரையை விலக்குவாங்க, தைப்பூசத்துல ஏழையும் விலக்குவாங்க. என்ன நடக்குதுன்னு கவனிங்க. ஒவ்வொண்ணா மறைப்பை எடுத்து எடுத்து கடைசியில ஒரே ஒரு ஜோதியைக் காட்டுறாங்க. நம்ம ஷோரூம் விளக்கு ஒரே பட்டையை மறைச்சு வெச்சு நூறாக் காட்டுது. அது திறக்கிற வேலை, இது மூடுற வேலை. ரெண்டும் கண்ணாடிதானேன்னா, கத்தி பிடிச்சவன் எல்லாம் டாக்டர்தானேன்னு கேக்குற மாதிரி.

கன்னியாகுமரிப் பக்கம் சுவாமித்தோப்புல அய்யாவழிக்காரங்க பள்ளியறையில கண்ணாடிதான் இருக்கு, அதுக்கு முன்னால விளக்கு. 1927ல நாராயண குரு களவங்கோடத்துல சிலைக்குப் பதிலா கண்ணாடியையே பிரதிஷ்டை பண்ணினாரு. இந்த ரெண்டு இடத்துலயும் போய் நிக்கிறவனுக்கு அவன் மூஞ்சிதான் தெரியும். முடிவில்லா விளக்குல நம்ம மூஞ்சி எப்பத் தெரியும்? கரன்ட் போனாத்தான் தெரியும்!

மாயக் கண்ணாடியே கூடாதுன்னு சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி சீனத்துல ஃபாட்சாங்னு ஒரு பௌத்தத் துறவி. எட்டுத் திசைக்கு எட்டு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு பத்து கண்ணாடி வெச்சு, நடுவுல ஒரு புத்தர் சிலையும் விளக்கும் வெச்சு மகாராணி வூ சதியனுக்குப் பாடம் நடத்தினாருன்னு சொல்லுவாங்க. ஒண்ணுக்குள்ள எல்லாம், எல்லாத்துக்குள்ள ஒண்ணுங்கிற தத்துவத்துக்கு அது விளக்கம். நம்ம காலத்துல ஜப்பான்காரம்மா யாயோய் குசாமா 1965ல நியூயார்க்ல ஒரு முழு அறையையே கண்ணாடியால மூடிக் காட்டினாங்க. இவங்க யாரும் வாஸ்து விக்கலை. இங்க பாரு, கண்ணாடி, இப்படித்தான் நடக்குதுன்னு நம்மளை உள்ளே கூட்டிட்டுப் போனாங்க.

மூணாவதை நேரா யாரும் வாயால சொல்றதில்ல. பெட்டியே சொல்லுது: 'திறக்காதே'.

எங்க மாமா ஸ்விட்ச்யார்டுல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர். ரிட்டயர் ஆனப்ப நண்பர்கள் அன்பா இந்த விளக்கைக் குடுத்தாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி வடலூர்ல கட்டின சொந்த வீட்டு ஹால்ல மாமா ஆசையா மாட்டினாரு. அஞ்சாம் மாசம் பாதி வளையம் எரியலை. அவர் விடுவாரா? ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்துட்டாரு. ஸ்க்ரூன்னு ஒண்ணு இருந்தாத்தானே! நாலு பக்கமும் பசை. சூடு காட்டிப் பாத்தாரு, பிளேடு விட்டுப் பாத்தாரு, கடைசியில முன் கண்ணாடி விரிசல் விட்டுச்சு. வாங்கின கடையில (எந்தக் கடைன்னு வேணாம், விடுங்க) "இதெல்லாம் ரிப்பேர் பண்றது இல்ல பெரியவரே, புதுசு வாங்கிக்குங்க"ன்னு அனுப்பிட்டாங்க. 230 கிலோ வோல்ட் பக்கத்துல நின்னு வேலை பாத்த மனுஷனை ஒரு 12 வோல்ட் பட்டை தோக்கடிச்சுடுச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை. அத்தைதான் அதைத் துணியில சுத்திப் பரண் மேல போட்டாங்க.

பட்டை எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும். இந்த 12 வோல்ட் எல்.ஈ.டி பட்டைகள்ல மூணு மூணு பல்பா ஒரு தொகுப்பு. மூணுக்கு ஒரு இடத்துல வெட்டுற கோடே போட்டிருக்கும். கெட்ட துண்டை வெட்டி எடுத்துட்டு நல்ல துண்டை வெச்சு ஈயப்பத்து வெச்சா முடிஞ்சுது, பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை ஒருத்தருக்குக் குடுக்கக்கூடாதுன்னுதான் பசை ஊத்தி மூடியிருக்கான்.

இந்த ஊர் எப்படி உண்டாச்சுன்னு யோசிங்க. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல தண்ணிக்காகத் துளை போட்டப்ப பழுப்புக் கறுப்பா என்னவோ வந்துது. தண்ணி வரலையேன்னு மூடிட்டுப் போயிருக்கலாம். இது என்னன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்குப் பொறந்த ஊருதான் நம்ம ஊரு. அந்த ஊர்ப் பசங்க, சுவத்துல மாட்டினதைப் பாத்து வாயைப் பொளந்துட்டு, "எப்படிப்பா?"ன்னு கேட்டா, "தெரியாதுடா, தொடாத, உடைஞ்சுடும்"னு சொல்ற அப்பாக்களா ஆயிட்டோமே!

"அட போய்யா, பாவப்பட்ட ஜனங்க ஐநூறு ரூபாய்க்கு ஒரு சந்தோஷம் வாங்குறாங்க, அதுல போய் ஞாயம் பேசுற"ன்னு ஒரு நண்பர் என்னைத் திட்டினாரு. திட்டட்டும். சந்தோஷத்தை யார் வேணாம்னா? ஐநூறு ரூபாய் குடுக்கிறவனுக்கு அஞ்சு மாசத்துல செத்துப்போற சந்தோஷம் போதும்னு முடிவு பண்றதுதான் அவனை மட்டம் தட்டுறது. வசதி இருக்கிறவன் போன உடனே வேற வாங்கிப்பான். இல்லாதவன் வீட்டுச் சுவத்துலதான் அது எரியாமத் தொங்கும்.

சரி, திட்டிட்டே இருந்தா ஆச்சா, என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. பண்ணலாம். கண்ணாடிக் கடையில ஒரே அளவுல ஒரு முகம் பாக்குற கண்ணாடி, ஒரு சாதாக் கண்ணாடி வெட்டி வாங்குங்க. ஃபிலிம் ஒரு துண்டு. சோப்புத் தண்ணி தெளிச்சு, குமிழ் இல்லாம ஸ்கேலால வழிச்சு ஒட்டுங்க. ஒரு மீட்டர் எல்.ஈ.டி பட்டை, 12 வோல்ட் அடாப்டர். தச்சர்கிட்ட சொல்லி ஒன்றரை அங்குல ஆழத்துக்கு ஒரு சட்டம், பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. ஸ்க்ரூ முக்கியம்! ஒரு ஞாயித்துக்கிழமை போதும். பையனையோ பொண்ணையோ பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுச் செய்ங்க. வளையத்தை எண்ணச் சொல்லுங்க. பத்தாவது வளையம் ஏன் மங்கலா இருக்குன்னு கேளுங்க. பள்ளிக்கூடத்துல ஒளியியல் பாடத்துல வாங்காத மார்க்கை இங்க வாங்கும்.

செக்‌ஷன்ல வசூல் பண்றவங்களுக்கும் அதேதான். உங்க ஆளுங்கள்ல வெல்டர் இருக்கார், எலக்ட்ரீஷியன் இருக்கார், ஃபிட்டர் இருக்கார். ரிட்டயர் ஆகறவருக்கு நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்க. பின்பக்கம் செஞ்சவங்க பேரெல்லாம் எழுதுங்க, கூடவே ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் கட்டிக் குடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு பாதி வளையம் எரியலைன்னா அந்த மனுஷன் யாரையும் கேக்காம தானே திறந்து பாத்துப்பாரு.

மாமாவோட விளக்கைப் பரண்ல இருந்து இறக்கிக் குடுங்கன்னு அத்தைகிட்ட கேட்டிருக்கேன். முன் கண்ணாடி புதுசு வெட்டணும், பட்டை ஒரு மீட்டர் வாங்கணும். ஸ்க்ரூ நான் கொண்டு போறேன், மீதி வேலையை அவர் பாத்துப்பாரு.